அம்பாசிடர் 1489: நெடுஞ்சாலையில் எந்த வேகம் தாங்கும்? கடலூர் நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்குகிறது. பழைய வண்டிக்கு நெடுஞ்சாலை வேகம் முடிவு செய்ய இதைவிட நல்ல காலம் கிடையாது. இந்த வெயிலில் தாங்கும் வேகம் மார்கழியில் கண்டிப்பாகத் தாங்கும்.

2018ஆம் ஆண்டு மத்திய அறிவிக்கை நான்குவழிச் சாலையில் கார்களுக்கு உச்சவரம்பாக மணிக்கு 100 கி.மீ. வைத்தது. அது சாலைக்குப் போட்ட கணக்கு. 1489 சிசி எஞ்சினின் கணக்கு வேறு. போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 88.9 மி.மீ. அதாவது பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் நெடுந்தூரம் ஏறி இறங்குகிறது. நான்கு சிலிண்டர் இருந்தும் பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். எனவே ஸ்பீடோமீட்டரை விட்டுவிட்டு ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

மே 7, புதன்

டேக்கோமீட்டர் இல்லாத வண்டியில் ஆர்பிஎம் கண்டுபிடிக்க இரண்டு அளவு போதும்.

முதலாவது, சக்கரச் சுற்றளவு. பின் டயரில் காற்றைச் சரியாக அடித்து, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு. ஆள் உட்கார்ந்திருக்க வண்டியை நேராகத் தள்ளி, டயர் கோடு மறுபடி தரைக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை டேப்பால் அளக்க வேண்டும். இங்கே வந்தது 2.00 மீட்டர். பழைய 5.90-15 டயரைக் கழற்றி ரேடியல் போட்ட வண்டிகளில் இந்த அளவு மாறியிருக்கும், ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும். வேகத்தை ஃபோனின் ஜிபிஎஸ்ஸில் பாருங்கள்.

இரண்டாவது, டிஃபரன்ஷியல் ரேஷியோ: பின் சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸில் இருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்ட். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்த நிலை. தூக்கிய சக்கரத்தை 20 முழுச் சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணி 10ஆல் வகுக்க வேண்டும். 20ஆல் வகுத்துவிட்டுப் பாதி ரேஷியோவோடு நிற்பவர்கள் உண்டு. மறு சக்கரம் தரையில் நிற்பதால் தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீல் ஒரு சுற்று. இங்கே 45 சுற்று, ரேஷியோ 4.5.

டாப் கியரில் எஞ்சினும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால் கணக்கு எளிது: மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர், அதை 2ஆல் வகுத்து 4.5ஆல் பெருக்க 2,250 ஆர்பிஎம். 70க்கு 2,625. 80க்கு 3,000. 100க்கு 3,750.

3,000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். 3,750இல் 11.1. வித்தியாசம் கால் பங்குதான். ஆனால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பேரிங்கை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், ஒன்றரை மடங்குக்கும் மேல். 100இல் அரைமணி நேரம் ஓட்டினால் அடிவாங்குவது பேரிங்தான். (பிரீமியர் பத்மினி காரின் ஸ்ட்ரோக் 75 மி.மீ.தான். அது 3,500 சுற்றும்போது இருக்கும் பிஸ்டன் வேகத்தை அம்பாசிடர் 3,000க்கு முன்பே தொட்டுவிடுகிறது.)

மே 11, ஞாயிறு

டேப்பட், பெட்ரோல்.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றது. அதற்கு முந்தைய எஞ்சின் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் மெத்தென்ற வார்ப்பிரும்பு. ஈயம் இல்லாமல் தொடர்ந்து வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே விடும் இடம்) குறையும். சூட்டில் 0.015 அங்குலம் வைத்த எக்ஸாஸ்ட் இடைவெளி ஒரு நீண்ட பயணத்துக்குப் பிறகு 0.012க்கு வந்திருந்தால் அதுதான் அறிகுறி. இதைச் சும்மா திரும்ப அட்ஜஸ்ட் செய்து மூடிவிடக் கூடாது. அளவை எழுதி வைத்துக்கொண்டு, மறுபடியும் குறைந்தால் லேத் பட்டறையில் ஹெட்டுக்குக் கடின சீட் போட வேண்டும். அதுவரை 60ஐத் தாண்டாதீர்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் இதே இடத்தில்தான் குத்துகிறது. எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பழையபடியே விட்டு ஓட்டினால் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து), எக்ஸாஸ்ட் வால்வு காயும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட் 120 என்றால் 125 போட்டால் துளையின் பரப்பு அதே 8 சதவீதம் கூடும். எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் ஜெட் நட்டை ஒவ்வொரு முகமாகக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது கட்டாயம்.

மே 17, சனி

ரேடியேட்டர். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். ஃபேன் பெல்ட் இறுக்கம், மூடியின் ரப்பர், கீழ் ஹோஸ். ஆயில் 20டபிள்யூ-50.

மே 18, ஞாயிறு

புதுச்சேரி–திண்டிவனம் சாலையில் சோதனை. ஒரு நடைக்கு ஒரே வேகம். எஞ்சின் ஆயில் தண்ணீரைவிட மெதுவாகத்தான் சூடேறும், அதனால் 20 நிமிடம் அதே வேகத்தில் நின்ற பிறகே கேஜ் சொல்வதை நம்ப வேண்டும்.

60இல் ஆயில் பிரஷர் 46 பவுண்டு, தண்ணீர் 82 டிகிரி, முள் அசையவில்லை. 70இல் 46, 86 டிகிரியில் நின்றது. 80இல் முதல் பத்து நிமிடம் 46 இருந்து, பிறகு 38க்கு இறங்கியது. தண்ணீர் 95ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பவுண்டு என்ற பட்டறைக் கணக்கில் 38 பவுண்டு பாஸ்தான். ஆனாலும் 80 இந்த வண்டியின் வேகம் அல்ல. கேஜ் எத்தனை காட்டுகிறது என்பதைவிட ஓரிடத்தில் நிற்கிறதா என்பதே முக்கியம். வேகம் மாறாமல் பிரஷர் இறங்கினால் ஆயில் நீர்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வண்டிக்கு 70. முந்திச் செல்ல ஒரு நிமிடம் 80 போகலாம், அதற்குமேல் பிடித்து வைக்கக் கூடாது.

ஸ்பார்க் பிளக்கும் அதையே சொன்னது. 70இல் ஓடும்போதே கிளட்சை மிதித்து, எஞ்சினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்திக் கழற்றியதில் பீங்கான் மாரி பிஸ்கெட் நிறம். 80இல் வெளுத்திருந்தது.

பிரேக்கும் கணக்கில் சேரும். நான்கும் டிரம். 60இல் இருந்து 80க்குப் போனால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் ஏறக்குறைய 1.8 மடங்கு.

மே 25, ஞாயிறு

திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரிக்கு வரும்போது மொரட்டாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் 50க்கு இறக்கி, அப்படியே கோரிமேடு வர வேண்டும். 70இல் வந்து நேராக ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்றால் ஃபேன் மெதுவாகிறது, காற்று நிற்கிறது, எஞ்சின் ஹெட்டில் சேர்ந்த சூடு பெட்ரோல் பம்புக்கு இறங்கி பெட்ரோல் ஆவியாகி வண்டி இழுக்காது. அப்படி நின்றுவிட்டால் ரேடியேட்டர் மூடியைத் தொடாமல், பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணி சுற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும்.

ஸ்டீயரிங் ஆட்டம் 70க்கு அருகில் வந்து, தாண்டினால் மறைந்தால் வீல் பேலன்ஸ். வேகத்தோடு அதிர்வு கூடிக்கொண்டே போனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (அதன் முனை இணைப்பு). இரண்டையும் சரிசெய்யும் வரை ஆட்டம் தொடங்குவதற்கு 10 கி.மீ. கீழேதான் அந்த வண்டியின் உச்சவேகம்.

ஜூன் 1, ஞாயிறு

எக்ஸாஸ்ட் டேப்பட் நான்கும் 0.015, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு இறுக்கமாக நுழைகிறது. அடுத்த அளவு 1,500 கி.மீ. கழித்து.