நிறுத்தி வைக்கும் அதிகாரம்

மலேசியாவின் கிள்ளானில் பிஸ்கட், கேக் வகைகள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஹலால் நிர்வாகியாக நான் பணியாற்றிய ஆண்டுகளில், ஆள் கிடைப்பதைவிடக் கிடைத்த ஆளைத் தக்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. ஹலால் சான்றிதழ் வழங்கும் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, சான்றிதழ் பெறும் நடுத்தர, பெரிய நிறுவனங்கள் உள்ளக ஹலால் குழுவையும் பயிற்சி பெற்ற முஸ்லிம் நிர்வாகி ஒருவரையும் வைத்திருக்க வேண்டும் என்பதால், தேர்ந்தவர்களுக்கு எப்போதும் வேறிடத்தில் வேலை காத்திருக்கும்.

படித்துவிட்டு வரும் இளையோர் எம்எஸ் 1500 என்னும் மலேசிய ஹலால் உணவுத் தரநிலையை நன்றாகவே அறிந்திருப்பார்கள். கிடங்கில் கற்க வேண்டியது வேறு. கேக் மாவில் சேரும் ஈ471 என்னும் எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க உதவும் பொருள்) தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்து அது தெரியாது. மூலப்பொருளின் ஹலால் சான்றிதழில் உள்ள ஆலையின் முகவரியும் மூட்டையில் அச்சிட்ட முகவரியும் ஒன்றுதானா, சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதா என்று ஒவ்வொரு சரக்கிலும் பார்க்கும் கண் வாய்க்க, என் அனுபவத்தில், இரண்டு ஆண்டுகளாவது ஆகும்.

அந்தக் கண் வாய்த்த இளம்பெண் ஒருவர் என்னிடம் இருந்தார். ஒருநாள் முகவரி ஒத்துப்போகாத மூட்டைகளை உற்பத்திக்கு விடாமல் அவர் நிறுத்தினார். ஏற்றுமதிச் சரக்கு தாமதமானது. எல்லார் முன்னிலையிலும் மேலாளர் அவரைக் கடிந்துகொண்டபோது நான் உறுதியாகப் பேசவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன். மூன்று மாதங்களில் அவர் விலகினார். புதிய இடத்திலும் ஏறக்குறைய அதே சம்பளம்தான் என்று பின்னர் அறிந்தேன்.

சம்பளம் பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. மார்க்கக் கடமையைக் காட்டிக் குறைந்த ஊதியத்தில் ஆட்களைத் தக்கவைப்பது நியாயமன்று. ஆனால் தம் சொல் நிற்காத இடத்தில் திறமைசாலிகள் தங்குவதில்லை. மூலப்பொருளை நிறுத்தும் அதிகாரத்தை எழுத்தில் தருமாறு கேட்டு, பல கூட்டங்களுக்குப் பின் பெற்றேன். ஹலால் பிரிவில் மேற்கொண்டு பதவி இல்லாததால் நல்லவர்கள் தரக்கட்டுப்பாட்டுக்குப் போய்விடுவதையும் எடுத்துச் சொன்னேன்; மூத்த நிர்வாகி என்ற பதவி உருவானது. புதிய பண்டங்களைத் திட்டமிடும் கூட்டத்திலும் எங்களுக்கு இடம் கிடைத்தது. மூட்டை வந்த பிறகு மறுப்பதைவிட வாங்கும் முன் மறுப்பது எல்லாருக்கும் எளிது.

அடுத்து வந்தவர் ஆறு ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார். நான் விடைபெற்ற வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருவரை அவர் கிடங்குக்கு அழைத்துச் சென்று, சான்றிதழில் உள்ள முகவரியையும் மூட்டையில் உள்ளதையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.