93, 86, 79...

அப்பா மளிகைக் கடை நடத்தியவர். இருபது சாமான் வாங்கினாலும் தாளில் எழுதாமல் மொத்தத்தைச் சொல்லிவிடுவார். போன வருஷம் டாக்டர் அவரை 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79 வரை வந்தவர் அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

அதற்கு எட்டு மாதம் முன்பே இதயச் செயலிழப்பு என்று தெரியும். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங் 30 சதவீதம்தான். கால் வீக்கம், மூச்சு வாங்குவது, நீர் மாத்திரை, உப்பு எல்லாம் விளக்கமாகச் சொன்னார்கள். மறதி வரும், மனசு சோர்ந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுச் சாவி ஃப்ரிட்ஜுக்குள் கிடந்தபோது வயசாயிடுச்சு என்றோம். பேரனிடம் சீறியபோது பழைய முன்கோபம் என்றோம். அப்புறம் பேச்சே குறைந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வீடு அமைதியானதே என்று நினைத்தேன். இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, கடை திறக்கணும் என்று சட்டையை உள்வெளியாக மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கடையை விற்று ஆறு வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 122. 135-க்குக் குறையக் கூடாதாம். "உப்பில்லாம பொங்கிப் போட்டா வேறென்ன ஆகும்?" என்று அத்தை அம்மாவிடம் பாய்ந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் சிரித்துவிட்டார். "உப்பு குறையலம்மா, தண்ணி கூடிடுச்சு." இதயம் தளர்ந்தால் உடம்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ரத்தம் நீர்த்துப்போகிறது, அதில் மூளை குழம்புகிறது. போதாததற்கு, மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: போட்டதை மறந்து நீர் மாத்திரையைச் சில நாள் இரண்டு தடவை போட்டிருக்கிறார். அது நீரோடு சோடியத்தையும் வெளியே தள்ளிவிடுமாம். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள், அவசரப்பட்டால் மூளைக்கே ஆபத்தாம். ஐந்தாம் நாள் காலை, பக்கத்துக் கட்டில்காரரிடம் துவரம்பருப்பு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

குழப்பம் போனது, மந்தம் முழுசாகப் போகவில்லை. அந்த ஏழு ஏழு கணக்கு அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்து நடந்தது. உடல் எடையில் இரண்டு சதவீதமே இருக்கும் மூளை, இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது; பம்பு தளர்ந்தால் அங்கேயும் தட்டுப்பாடுதான். படுத்தே கிடப்பது சோம்பேறித்தனமல்ல, மனச்சோர்வு என்றார் டாக்டர். இந்த நோயில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது உண்டாம். மனநல மருத்துவர் என்றதும் அப்பா, "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். இதய மாத்திரையோடு சேர்ந்ததுதான் என்று சொல்லிக் கூட்டிப்போனோம். பொய்தான். பலன் தெரிய ஆறு வாரம் ஆனது.

இப்போது தினமும் காலையில் எடை பார்க்கிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து. எடையைப் பழைய கடன் நோட்டில் அப்பாவே எழுதுகிறார், அடியில் கோடு போட்டு. மாத்திரை டப்பா மட்டும் அம்மாவின் பீரோவில். அதில் அவருக்கு இன்னும் கோபம்தான்.