தெரிந்த சொல்தான் காலை வாரும்: போலந்து மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த அனுபவம்

போஸ்னான் நகரில் மாலை நேரத்தில் ஆங்கில டியூஷன் எடுப்பது சில வருடங்களாக என் பக்கத் தொழில். வருபவர்கள் இரண்டு வகை. மே மாதம் மாதுரா என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் ஒரு பக்கம், கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு என்ற உயர்நிலை ஆங்கிலத் தேர்வை எழுத நினைக்கும் அலுவலகக்காரர்கள் இன்னொரு பக்கம். வேலைக்காக இங்கே வந்த தமிழ் நண்பர்கள் சிலர் தாங்களும் டியூஷன் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், போலிஷ்காரர்கள் ஆங்கிலச் சொற்களை எப்படிப் படிக்கிறார்கள் என்று அறிய விரும்புபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இவர்களிடம் சொல்வளம் குறைவு என்று நினைத்துப் பட்டியல் பட்டியலாகப் புதுச் சொல் கொடுக்காதீர்கள். தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பார்த்துக்கொள்வார்கள். தெரிந்த மாதிரி முகம் காட்டும் சொல்லை யாரும் தேடிப் பார்ப்பதில்லை, மதிப்பெண் போவது அங்கேதான். போலிஷில் 'அக்துவால்னியே' என்றால் 'தற்போது'. அதை அப்படியே 'ஆக்சுவலி' ஆக்கிவிடுவார்கள். 'சிம்பதிச்னி' என்றால் பழக இனிமையானவர்; 'என் மேனேஜர் ரொம்ப சிம்பதெட்டிக்' என்று எழுதினால் படிப்பவருக்கு வேறு அர்த்தம். 'ஓர்தினார்னி' என்றால் கொச்சையான, ஆபாசமான என்று பொருள், 'ஆர்டினரி'க்கும் அதற்கும் வெகு தூரம். ஜாமில் 'பிரிசர்வேட்டிவ்' இல்லை என்று ஒரு பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். போலிஷில் கிட்டத்தட்ட அதே சத்தமுள்ள சொல்லுக்கு ஆணுறை என்று அர்த்தம்.

இந்த வகையில் அலுவலக மின்னஞ்சலில் அதிகம் தொல்லை தருவது 'இவென்சுவலி'. 'செவ்வாய்க்கிழமை சந்திக்கலாம், இவென்சுவலி புதன்கிழமை' என்று எழுதுவார்கள். 'இல்லாவிட்டால் புதன்கிழமை' என்பது அவர்கள் கணக்கு. போலிஷ் 'எவென்துவால்னியே'வுக்கு அதுதான் பொருள். ஆங்கிலத்தில் அது 'கடைசியில் ஒரு வழியாக' என்றாகிவிடும். லண்டனில் உட்கார்ந்து படிப்பவர் எந்தக் கிழமைக்கு நேரம் ஒதுக்குவார்?

அப்புறம் சேர்ந்து வரும் சொற்கள். போலிஷில் புகைப்படத்தைச் 'செய்வார்கள்', ஆங்கிலத்தில் 'டேக்'. 'மேக்', 'டூ' இரண்டுக்கும் போலிஷில் பெரும்பாலும் 'ரோபிச்' என்ற ஒரே வினை. கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் கூட ஒரே வினைதான் என்பதால் 'லெண்ட்', 'பாரோ' இரண்டும் கலந்துபோகும். தேர்வு விஷயம் இன்னும் வேடிக்கை. 'ஸ்தாவாச்' என்றால் தேர்வு எழுதுவது. அதன் முற்றுவினை இணையான, அதாவது வேலை முடிந்துவிட்டது என்று காட்டும் வடிவமான 'ஸ்தாச்' என்றால் தேறுவது. அதனால் ஹாலில் இருந்து வெளியே வந்தவுடனேயே 'ஐ வாஸ் பாஸிங் அன் எக்ஸாம்' என்று சொல்வார்கள். ரிசல்ட் ஜூலையில்தான்.

ஃப்ரேசல் வினை, அதாவது வினையோடு 'ஆஃப்', 'அப்' போன்ற துண்டு சேர்ந்து பொருள் மாறுவது என்றாலே இவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குத் தெரிந்தவரை அவ்வளவு பயப்படத் தேவையில்லை, கையிலேயே சாவி இருக்கிறது. போலிஷ் வினைக்கு முன்னால் ஒட்டு சேர்ந்து பொருள் மாறும். ஆங்கிலத்தில் அந்தத் துண்டு வினைக்குப் பின்னால் நிற்கும். ஒரு உதாரணத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். 'வோவாச்' என்றால் கூப்பிடுவது, 'கால்'. 'ஓத்' என்ற ஒட்டுக்கு 'விலகி, அப்பால்' என்ற சாயல், ஏறத்தாழ 'ஆஃப்'. இரண்டையும் சேர்த்தால் 'ஓத்வோவாச்', ரத்து செய்வது. ஆங்கிலத்தில்? 'கால் ஆஃப்'. துண்டுக்குத் துண்டு அதே கட்டுமானம். தள்ளிப்போடுவதற்கான 'ஓத்வோஜிச்' என்ற சொல்லும் 'புட் ஆஃப்' மாதிரியேதான் பிரியும். தூக்கி எறிவதற்கான சொல்லில் 'வி' என்ற ஒட்டு 'அவுட்' வேலையைப் பார்க்கிறது. இதைப் பலகையில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'ஈட் அப்', 'டிரிங்க் அப்' என்பதில் வரும் 'அப்' எதற்கு என்று கேட்பார்கள். போலிஷ் முற்றுவினையில் வேலை முடிந்துவிட்டது என்று காட்டுகிற அதே உணர்வு அது. தமிழில் 'குடித்துவிடு' என்பதில் 'விடு' செய்கிற வேலையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் இந்தச் சாவி எல்லாப் பூட்டையும் திறக்காது. 'புட் அப் வித்' போன்றவற்றை மனப்பாடம்தான் செய்தாக வேண்டும்.

சொற்களை நினைவில் வைக்க இங்கே எல்லோரும் 'ஃபிஷ்கி' என்னும் அட்டைகளை நம்புகிறார்கள். நம்பலாம், இந்த ஊருக்கு அதில் உரிமையும் உண்டு. இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்க்கும் முறையைக் கணினிக்குக் கொண்டுவந்த சூப்பர்மெமோ என்ற மென்பொருளை 1987-இல் எழுதியவர் போஸ்னானில் படித்த பியோத்தர் வொஸ்னியாக். அவருடைய எஸ்எம்-2 கணக்குப்படி ஒரு அட்டை மறுநாள் வரும், அடுத்து 6 நாள் கழித்து, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏறக்குறைய இரண்டரை மடங்காகும்: 15, 38 என்று. மறந்துவிட்டால் மறுபடி முதல் நாளிலிருந்து. 2006-இல் வந்த ஆங்கி செயலியும் இந்தக் கணக்கை வைத்துத்தான் தொடங்கியது.

கணக்கு நல்ல கணக்குதான். அட்டையில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. ஒரு பக்கம் போலிஷ் சொல், மறுபக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதினால் மேலே சொன்ன பொறி எதுவும் அதில் சிக்காது. நான் முழு வாக்கியம் எழுதச் சொல்வேன், சறுக்கும் இடத்தில் மட்டும் கோடு. வேலைநிறுத்தத்தால் கூட்டம் 'கால்டு' என்று எழுதி, அடுத்த சொல்லுக்கு இடம் விடுவது போல. 'டிபெண்ட்' என்று எழுதி அடுத்த சொல்லை விட்டால் பாதிப் பேர் 'ஃப்ரம்' என்பார்கள், ஏனென்றால் போலிஷில் அப்படித்தான். அந்தப் பாதிப் பேருக்கு மட்டுமே அந்த அட்டை தேவை. சரியாகச் சொல்பவர் அதை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான அட்டைத் தொகுப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

மரபுத்தொடர்களுக்கு வருவோம். 'பனிப்பாறையின் நுனி', 'ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்' எல்லாம் இரு மொழியிலும் ஒரே படம், படிக்கவே வேண்டாம். முற்றிலும் வேறாக இருப்பவையும் கெடுதல் செய்வதில்லை. சுலபமான வேலையைப் போலிஷ்காரர் 'வெண்ணெய் தடவிய பன்' என்பார், ஆங்கிலேயர் 'கேக் துண்டு' என்பார். ஒருமுறை கேட்டால் போதும். பாதி ஒத்துப்போவதுதான் ஆளை விழுங்கும். பார்க்காமல் பொருள் வாங்குவதைப் போலிஷில் 'சாக்கில் பூனை வாங்குவது' என்பார்கள். ஆங்கிலத்தில் சாக்குக்குள் இருப்பது பன்றிக்குட்டி. மாணவர் நம்பிக்கையோடு 'கேட் இன் எ பேக்' என்பார். ஆங்கிலத்தில் பையிலிருந்து பூனையை வெளியே விடுவது என்றால் ரகசியத்தை உளறுவது! இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் அட்டை போட வேண்டும். எதிர்த்திசையில் போனதும் ஒன்று உண்டு: 'என் சர்க்கஸும் இல்லை, என் குரங்குகளும் இல்லை' என்ற போலிஷ் தொடர் ஆங்கிலத்துக்குள் போய் நன்றாகவே புழங்குகிறது.

கேட்டுப் பழக இங்கே ஒரு தடை இருக்கிறது. போலந்துத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் போட்டால் ஒரே ஒருவர், ஆண் குரல், எல்லாப் பாத்திரங்களுக்கும் சேர்த்து உணர்ச்சியே இல்லாமல் வசனத்தை வாசித்துக்கொண்டு போவார். அவருக்கு லெக்தோர் என்று பெயர். ஆங்கிலம் அடியில் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். ஸ்ட்ரீமிங்கில் அவரை அணைத்துவிட்டு ஆங்கில எழுத்துகளோடு பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரம் சண்டை போடுவார்கள்.

சி1 அட்வான்ஸ்டில் வாசிப்பும் மொழிப் பயன்பாடும் சேர்ந்த தாளுக்கு 90 நிமிடம். அதன் மூன்றாம் பகுதியில் கொடுத்த வேர்ச்சொல்லை வாக்கியத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். எதிர்மறைக்குப் போலிஷில் 'நியே' என்ற ஒரே முன்னொட்டு பெரும்பாலும் போதும். ஆங்கிலத்தில் 'அன்', 'இம்', 'இல்', 'இர்', 'டிஸ்' என்று கூட்டமே நிற்கிறது. அதைவிட, வாக்கியம் எதிர்மறை கேட்கிறது என்பதையே கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். கோடிட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் முழு வாக்கியத்தையும் படித்த பிறகே எழுத வேண்டும். நான்காம் பகுதியில் 3 முதல் 6 சொற்களுக்குள் வாக்கியத்தை மாற்றி எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். 'டிடின்ட்' போன்ற சுருக்கங்கள் இரண்டு சொல்லாக எண்ணப்படும். ஃப்ரேசல் வினைகளும் சேர்ந்து வரும் சொற்களும் இங்கேதான் கைகொடுக்கும்.

பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைப்பார்கள். அங்கே மழை பெய்தாலும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று பூனையையும் நாயையும் இழுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு அதற்குப் பதில் சொன்னாலே நல்ல மதிப்பெண் வரும்.