கயிறு கட்டிய மூன்றாம் நாள்

ஏப்ரல் 16

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் காசிமேட்டிலேயே கட்டிக் கிடக்கும். படகு கரையில் இருந்தால் ஆளும் கரையில்தான். எங்கள் மெடிக்கல் ஷாப்பில் இந்த 61 நாளும் வயிற்றெரிச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மூன்றும் நிற்காமல் ஓடும்.

"ஒரே ஒரு குவார்ட்டர்தான்கா, அதுக்கே தலை இப்படி இடிக்குது" என்றார் ஒருவர். பில் காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, 42.8 சதவீதம் என்று பாட்டிலிலேயே இருக்கும். அப்படியென்றால் ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் முடிப்பது ஏழிலிருந்து பத்து கிராம். ராத்திரி பத்து மணிக்கு அடித்தவருக்கு விடிகாலை நாலு மணிக்கு பைக்கை எடுக்கும்போதும் ரத்தத்தில் கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வழக்கு. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 20

மோர், எலுமிச்சை, கறுப்புக் காபி, தலைக்குக் குளியல். போதை இறங்க ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. சிறுநீரைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடுவதால் உடம்பில் நீர் வற்றும். உப்புப் போட்ட மோர் அந்தத் தாகத்துக்கு நல்லது. அவ்வளவுதான்.

வெறும் வயிற்றில் குடிப்பதுதான் மோசம். சாப்பாடு இருந்தால் சரக்கு இரைப்பையில் கொஞ்ச நேரமாவது தங்கும். இல்லையென்றால் விறுவிறுவென்று சிறுகுடலுக்கு, அங்கிருந்து ரத்தத்துக்கு. ஊறுகாய் சாப்பாட்டுக் கணக்கில் வராது.

ஏப்ரல் 25

பின்தெருப் பெண் குங்குமப் பிரசாதத்தோடு வந்தாள். புருஷனுக்கு அம்மன் கோயிலில் கயிறு கட்டியாச்சாம். "சத்தியம் பண்ணிட்டாருக்கா, இனிமே தொடவே மாட்டாரு." சந்தோஷம்தான். ஆனால் அவர் எப்படிக் குடிப்பவர் என்று தெருவுக்கே தெரியும். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். அப்புறம்தான் வலை ஊசியைப் பிடிப்பார். அந்தக் காலைக் கட்டிங்தான் எனக்கு உறுத்தியது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டச் சொன்னேன். "குடிக்கிறப்பவே போகல, நிறுத்தினப்புறம் எதுக்குக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 27

மத்தியானம் அவர்கள் மகன் தூக்க மாத்திரை கேட்டு ஓடி வந்தான். சீட்டு இல்லாமல் தர முடியாது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நானே போனேன்.

பாயில் உட்கார்ந்திருந்தார். பனியன் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. இடது கை காற்றில் எதையோ இழுத்துப் பிடித்திருக்க, வலது கை ஊசியை விட்டு வாங்கி, முடிச்சை இறுக்கியது. குனிந்து பல்லால் நூலைக் கடித்தார். வலையும் இல்லை, ஊசியும் இல்லை. நடுநடுவே, "எறா பூரா ஓட்டை வழியா போவுது, புடிடா" என்று மகனுக்கு அதட்டல். பக்கத்து வீட்டு ஆயா காத்துக் கருப்பு என்றாள். நான் 108ஐக் கூப்பிட்டேன்.

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வரும் இந்தக் குழப்பத்தை டெலீரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். செய்து பழகிய வேலையைக் கை தானாகச் செய்வதும் இதில் உண்டு. மது மூளையை அமைதிப்படுத்தும். தினமும் அப்படி அழுத்தி வைத்தால் மூளை ஈடுகட்டுவதற்காகத் தன் பரபரப்பைக் கூட்டிக்கொள்ளும். படகின் ஒரு பக்கம் ஆள் ஏறினால் சாயாமலிருக்க மறுபக்கம் ஆளை உட்கார வைப்பது போலத்தான். முதல் ஆள் திடீரென்று குதித்துவிட்டால் என்ன ஆகும்? நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இந்தக் குழப்பம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். வார்டில் கொடுப்பதும் மகன் கேட்டு வந்த மாத்திரை வகைதான். ஆனால் நாடி, மூச்சு, கல்லீரல் எல்லாம் பார்த்து அளந்து கொடுப்பார்கள்.

மே 1

இன்று டாஸ்மாக் லீவு. நேற்றே வாங்கி வைக்காத இரண்டு பேர் படபடப்புக்கு மாத்திரை கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு ரூபாய் நோட்டைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினேன். போனார்களா, தெரியாது.

கயிறு கட்டுவதை நான் கேலி செய்ய மாட்டேன். அதை நம்பி நிறுத்தியவர்களை இதே தெருவில் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டுகிறவர், "காலையில கை நடுங்குமா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். ஆமாம் என்றால் முதலில் டாக்டர், பிறகு கயிறு.

மே 7

பின்தெருப் பெண்ணின் புருஷனை வார்டில் பார்த்துவிட்டு வந்தேன். ஆள் யாரென்று தெரிகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது. முதல் நாளே பி1 வைட்டமின் ஊசி போட்டார்களாம். குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் அந்த பி1 உடம்பில் ஒட்டாது. அந்தக் குறையோடு வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு இன்னும் மோசமாகலாம். "டல்லா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க" என்று தெருவோர கிளினிக்குகளில் கேட்பவர்களை நினைத்தால்தான் பயம்.

மே 18

வீட்டுக்கு வந்துவிட்டார். ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் இரண்டு என்சைம்களில், எஸ்.ஜி.ஓ.டி. அளவு எஸ்.ஜி.பி.டி.யைவிட இரண்டு மடங்குக்கு மேல். குடியால் கல்லீரல் புண்ணானால் பெரும்பாலும் அப்படித்தான் காட்டும். ஸ்கேனில் கொழுப்பு படிந்திருக்கிறது, சுருக்கம் இல்லை. கொழுப்பு என்றால் குடியை விட்ட சில வாரங்களில் குறையத் தொடங்கும். கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் வரை போயிருந்தால் வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை, உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி என்று வேறு கதை.

"லிவர் டானிக் ஒண்ணு குடும்மா" என்றார்.

"சீட்டுல இல்லண்ணா, காசை மிச்சம் பண்ணுங்க." குடித்துக்கொண்டே கல்லீரலைக் காப்பாற்ற டானிக் கேட்டுத் தினமும் யாராவது வருகிறார்கள். அப்படி ஒரு மருந்தே கிடையாது.

ஜூன் 15இல் படகு கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை கையில் இருக்குமா என்பது அவர் கவலை. மகன் எண்ணிப் பார்த்தான், பத்தாது. அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். கூட்டிப் போவது மகன் பொறுப்பு.