மார்கழியில் பாங்காக்

ஜனவரி 7, 2025, செவ்வாய்

"மார்கழியில் யாராவது ஊர் சுற்றப் போவார்களா?" என்பது அம்மாவின் கடைசி ஆயுதம். தம்பி எடுத்துக்கொடுத்த டிக்கெட், ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்று தெரிந்ததும் அதையும் கீழே வைத்துவிட்டாள். ஒரு நிபந்தனை: கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டாளாம். இங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மாம்பலத்தில் நாலரைக்குத் திருவெம்பாவை சொல்கிறவள் பாங்காக்கில் ஆறு மணிக்குச் சொல்வாள். கணக்கு சரிதான், மறுக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. விசா வேண்டாம், ஐந்து நாள் தங்க வந்தவர்களுக்கு அறுபது நாள் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அதை இவர்கள் "சுவன்னபூம்" என்று முடித்துவிடுகிறார்கள். அங்கிருந்து ரயில், பிறகு மேம்பாலத்தில் ஓடும் இன்னொரு ரயில். அதில் "அடுத்த நிலையம் ராட்சதேவி" என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்தாள். ராஜதேவி அம்மா, ராஜதேவி. நம் விடுதி அங்கேதான்.

இரவு உணவு: கொண்டுவந்த புளிக்காய்ச்சல், அறையிலேயே. எனக்கு மட்டும் தெருமுனையில் பப்பாளிக்காயை உரலில் இடித்துக் கொடுத்தார்கள். காரம் நாக்கைப் பிடுங்கியது. பாதி தின்ற பிறகுதான் அடியில் காய்ந்த இறால் கிடப்பதைப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 8, புதன்

சாவோ பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடிப் படகு, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாட். டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் கையில் நீளமான தகரக் குழாய் ஒன்று. சில்லறை, டிக்கெட் சுருள் எல்லாம் அதற்குள். மூடியை டக்டக்கென்று தட்டிக்கொண்டே வருகிறாள். விசிலும் வேண்டாம், வாயும் வேண்டாம், அந்தச் சத்தத்துக்கே ஆட்கள் காசை எடுத்துவிடுகிறார்கள். நாங்கள் இறங்கிய துறைக்குப் பெயர் தா சாங், அதாவது யானைத் துறை. அரண்மனை யானைகளை ஒரு காலத்தில் குளிப்பாட்டிய இடம்.

துறையிலிருந்து பத்து அடி நடக்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்தார். அரண்மனை இன்று காலை மூடல், உள்ளே பூஜை, ஒன்றரைக்குத்தான் திறப்பார்கள், அதுவரை இருபது பாட்டுக்கு ஆட்டோவில் ஊரைக் காட்டுகிறேன் என்றார். பழைய வித்தை. ஆட்டோ கடைசியில் ஒரு ரத்தினக் கடை வாசலில்தான் போய் நிற்கும் என்று நான் படித்திருக்கிறேன், ஆனாலும் ஒரு கணம் தயங்கினேன். அம்மா தயங்கவில்லை. சாலைக்கு எதிரே கையை நீட்டி, "மூடியிருக்கிறது என்றால் இத்தனை பேரும் சுவரிலா முட்டிக்கொள்கிறார்கள்?" என்று தமிழிலேயே கேட்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் அம்மாவின் புடவைக்கு மறுப்பில்லை, என் முக்கால் கால்சட்டைக்குத்தான் தடை. எதிர்க் கடையில் யானைப் படம் போட்ட தொளதொளக் கால்சட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். உள்ளே போனால் பாதிப் பேர் அதே யானையில் இருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 பாட், ஏறக்குறைய 1,250 ரூபாய். அம்மா பெருக்கிப் பார்த்துவிட்டு மௌனமானாள்.

மரகத புத்தர் என்று பெயரே தவிர, பச்சை ஜேட் கல். வெறும் 66 சென்டிமீட்டர் உயரம், ஆனால் வைத்திருக்கும் உயரத்தில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வெயில், மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று உடைகள், மாற்றுவது அரசரின் கடமை. இப்போது குளிர்காலம். கழுத்துவரை தங்க வலையால் போர்த்தியிருக்கிறார்கள். "மார்கழிக்குப் போர்வை" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே 32 டிகிரி.

சுற்றுச் சுவர் முழுவதும் ராமகியன், இவர்களுடைய ராமாயணம். 178 ஓவியங்கள். ராவணன் இங்கே தொட்சகான், தசகண்டன் என்று பிரித்தால் விளங்கும். ஒரு சுவரில் அனுமார் ஒரு மீன்கன்னியைத் துரத்துகிறார். சேது கட்டவிடாமல் கற்களைத் திருடிய ராவணன் மகள் அவள், பெயர் சுவன்னமச்சா. துரத்துவது காதலில் முடிகிறது, ஒரு பிள்ளையும் பிறக்கிறது. நைஷ்டிகப் பிரம்மச்சாரிக்கு இந்தக் கதியா என்று அம்மா அடுத்த பத்து ஓவியங்களைப் பார்க்கவே இல்லை. திரும்பி வந்து அதையே மறுபடி நின்று பார்த்தாள்.

ஜனவரி 9, வியாழன்

உணவுப் பிரச்சினை தீர்ந்தது. மஞ்சள் கொடியில் சிவப்பாக 17 என்று எழுதியது போல ஓர் எழுத்து இருந்தால் அது "ஜே" கடை. மாமிசம், மீன்சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது என்றதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. மார்கழிக்கென்றே திறந்த கடை போலிருக்கிறது என்றாள். வெறும் சைவத்துக்கு இவர்கள் சொல்லும் சொல் "மங்சவிரத்". மாம்சத்தையும், விலகியிருத்தல் என்று பொருள்படும் விரதியையும் அதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, அம்மாவுக்கு ஒரே நொடி.

பத்து மணிக்கு சேன் சேப் கால்வாயில் படகு. 1837இல் மன்னர் மூன்றாம் ராமா காலத்தில், கிழக்கே போருக்குப் படையை அனுப்ப வெட்ட ஆரம்பித்த கால்வாய், மூன்று ஆண்டுகளில் முடித்தார்கள். இப்போது அலுவலகம் போகிறவர்களின் பஸ் இது. மூக்குக்குக் கூவத்தின் ஒன்றுவிட்ட தங்கை. படகு துறையில் நிற்காது, நிற்பதுபோல் பாவனை செய்யும். அம்மா புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்து, மறு கையை நீட்ட, ஹெல்மெட் போட்ட நடத்துநர் ஒருவர் அவளைக் கொத்தாகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். எதிர்ப்படகு வரும்போது பயணிகளே கயிற்றை இழுத்து பக்கவாட்டுத் தார்ப்பாயை உயர்த்துகிறார்கள், இல்லாவிட்டால் கறுப்புத் தண்ணீர் முகத்தில். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். பக்கத்திலிருந்த பள்ளிச் சிறுமி என் கையிலிருந்து வாங்கி இழுத்தாள். ஹெல்மெட் எதற்கு என்பது தாழ்வான முதல் பாலத்தில் விளங்கியது.

கடைசித் துறையில் இறங்கி நடந்தோம். பம்ருங் முவாங் தெரு முழுக்க புத்தர் சிலைக் கடைகள். ஆளைவிடப் பெரிய பொன்னிற புத்தர்கள் பிளாஸ்டிக் தாள் சுற்றி நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு முகத்துக்கு நேரே தாள் கிழிந்து, கண் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் மடியில் கடைக்காரரின் மதிய உணவுப் பொட்டலம்.

தெருமுனையில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள், 21 மீட்டர் உயரம், மேலே செதுக்கிய குறுக்கு விட்டம். ராட்சத ஊஞ்சல் என்று வழிகாட்டிகள் சொல்வது இதைத்தான். முதலில் நிறுத்தியது 1784இல், நகரம் தலைநகராகி இரண்டே ஆண்டில். இப்போதுள்ள மரம் 2007இல் மாற்றியது. ஊஞ்சல் கிடையாது. நடுவில் வாகனங்கள் சுற்றிப் போகின்றன. ஒரு காலத்தில் நான்கு நான்கு பேராக நாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆடி, எதிரே மூங்கிலில் தொங்கும் பண முடிப்பைப் பல்லால் கவ்வ வேண்டியிருந்தது. சிவன் ஆண்டுக்கு ஒருமுறை பூமிக்கு வந்து போவதைக் கொண்டாடும் விழா. ஆட்டத்தை 1930களில் நிறுத்திவிட்டார்கள். சடங்கு மட்டும் ஆண்டுதோறும் இதே பருவத்தில், எதிரே உள்ள பிராமணர் கோயிலுக்குள் நடக்கிறது. அதன் பெயர் திரியம்பவாய் திரிபவாய்.

அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். திருவெம்பாவை, திருப்பாவை.

பொருள் தெரியாமலே, மந்திரமாக, தலைமுறை தலைமுறையாக ஓதிவருகிறார்கள் என்று விளக்கினேன். பெரியப்பா மகனுக்கு இதைப் படத்தோடு அனுப்பியிருந்தேன். உடனே நான்கு கொடிகளும் "எல்லாம் நம்மிடமிருந்து போனது" என்ற செய்தியும் வந்தன. எனக்கு அந்த மார்தட்டல் ஒப்பவில்லை. போனது போயிற்று, வைத்துக் காப்பாற்றியவர்கள் இவர்கள் அல்லவா? அம்மாவின் சந்தேகம் வேறு: "ஊஞ்சலுக்கென்று மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் தனியாகப் பாடிவைத்திருக்கிறாரே. அதை விட்டுவிட்டு இதை ஏன் எடுத்துக்கொண்டார்கள்?" நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வியே இல்லை.

கோயில் கதவு சாத்தியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தோம். வெள்ளைச் சுவர், வெயில். வெள்ளை உடுத்து, தலைமுடியைக் கொண்டையாக முடிந்த ஒருவர் முற்றத்தைக் கடந்து போனார். அம்மா கைகூப்பினாள். அவரும் நின்று கைகூப்பிவிட்டுப் போனார்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. பெருமாளுக்கு எங்கே போவது என்று கேட்டு, கடைசியில் சிலோம் சாலை மாரியம்மனிடம் வந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். கோபுரம் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து பெயர்த்து வைத்தது போல் இருக்கிறது. கும்பிடுகிறவர்கள் அநேகமாகத் தாய்லாந்துக்காரர்கள். தேங்காய், வாழைப்பழம், சாமந்தி வைத்த தட்டு ஆளுக்கொன்று. ஊர்க்காரர்களுக்கு இது "வாட் கேக்". கேக் என்றால் விருந்தாளி, இந்தியர்களையும் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் குடியிருந்தும் விருந்தாளிதான்.

குருக்கள் தமிழில் பேசியதும் அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று நாள் பேசாமல் இருந்தவள் போல, அவரிடம் விலைவாசி வரை பேசிவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஜனவரி 11, சனி

காலையில் புகைமூட்டம், தொண்டைக் கரகரப்பு. அறையில் தூக்கம்.

மாலை லும்பினி பூங்கா. புத்தர் பிறந்த ஊரின் பெயர். ஜனவரியின் இரண்டாவது சனி இங்கே குழந்தைகள் தினம், எங்கும் பலூன். புல்லில் ஏதோ மரக்கட்டை என்று அம்மா தாண்டப் போனாள். மரக்கட்டை நாக்கை நீட்டியது. "உடும்பு!" ஆள் நீளம், இரட்டை நாக்கு, தோளை ஆட்டி ஆட்டி அலுவலகம் போகிற நடை. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. குளத்தில் இறங்கி, பெடல் படகுகளுக்கு நடுவே தலையை மட்டும் நீட்டி நீந்திப் போனது. அம்மா அரை மணி நேரம் கரையில் நின்றாள்.

ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் நாட்டுப்பண். ஓடியவர்கள் ஓடிய இடத்தில் நின்றார்கள், பந்து விளையாடிய பையன் பந்தைக் காலடியில் நிறுத்தினான். அம்மாவும் நான்கரை காட்டும் கடிகாரக் கையோடு நிமிர்ந்து நின்றாள். உடும்பு மட்டும் நிற்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

விமான நிலையத்தில் பாற்கடல் கடையும் பெரிய சிற்பம். வாசுகியை இழுப்பவர்களை அம்மா ஒவ்வொருவராக எண்ணினாள். அழைப்பு வந்துவிட்டது, எண்ணிக்கை பாதியில் நின்றது.

ஜனவரி 13, திங்கள்

திருவாதிரை. அதிகாலையில் வீட்டு வாசலில் கோலம், அடுப்பில் களி. ஏழு மணிக்குப் பெரியப்பா மகன் அழைத்தான், ஒலிபெருக்கியில் போட்டேன். "சித்தி, அந்த ஊரில் நம் பெருமை எப்படி?" என்றான். அம்மா கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த உடும்பு எவ்வளவு நீளம் என்பதில் ஆரம்பித்தாள்.