ஸ்டெம் செல் எடுக்கப் போகிறோம்

பெப்ரவரி 6, உப்புவெளி, திருகோணமலை

இன்று காலை என் கணவருக்கு முதலாவது ஃபில்கிராஸ்டிம் ஊசி, ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்துக்கு வரவைக்கிற மருந்து. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குச் செய்யப்போவது இவருடைய சொந்த ஸ்டெம் செல் (இரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்) மாற்று. புற்றுநோய் மருந்தான மெல்ஃபலானை அதிக அளவு ஏற்றினால் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து அழிந்துவிடும், அதனால் முதலிலேயே செல்களை எடுத்து உறைய வைத்துப் பிறகு ஏற்றுவார்கள். சொந்தக்காரர் எல்லாரும் மாற்று எப்போது என்றுதான் கேட்கிறார்கள். எடுப்பதே பெரிய வேலை என்பது எங்களுக்கும் அண்மையில்தான் விளங்கியது.

ஊசி மருந்து 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தேன். போட்டுவிடுவது பக்கத்து வீட்டு அக்கா, ஓய்வுபெற்ற தாதி.

பெப்ரவரி 8

இரவு முழுக்க இடுப்பிலும் நெஞ்செலும்பிலும் வலி. “இஞ்சரப்பா, வருத்தம் திரும்ப வந்திட்டுதோ?” என்று கேட்டார். இல்லை, ஊசி மஜ்ஜையைத் தூண்டுவதால் வருகிற வலி இது என்று அக்காவும் நானும் மாறி மாறிச் சொன்னோம். பனடோல் மட்டும் கொடுக்கிறோம். மைலோமாக்காரருக்குச் சிறுநீரகம் முக்கியம், ஐபுபுரோஃபன் வகை வலி மாத்திரைகளைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

பெப்ரவரி 10, கொழும்பு

இரவு ரயிலில் வந்து, விடிய ஊசி போட்டு, இரத்தம் கொடுத்தோம். சிடி34 எண்ணிக்கை, அதாவது இரத்தத்துக்கு வந்திருக்கிற ஸ்டெம் செல்களின் அளவு, மைக்ரோலீட்டருக்கு 4. குறைந்தது 10 இருந்தால்தான் செல்களைப் பிரித்தெடுக்கிற மெஷினில் போடுவது பற்றி யோசிக்கலாமாம். இன்று எடுக்கவில்லை.

“என்ர உடம்பு ஏலாமப் போச்சு” என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டொக்டர் தெளிவாகவே சொன்னார்: லெனலிடொமைட் என்ற மைலோமா மருந்தை நீண்ட காலம் எடுத்தவர்களுக்குச் செல்கள் இரத்தத்துக்கு வருவது குறையும், முதுகெலும்புக்குக் கொடுத்த கதிர்ச் சிகிச்சையும் அதோடு சேர்ந்திருக்கும். பொதுவாக நாலு, ஐந்து மருந்துச் சுற்றுகளுக்குள் எடுத்துவிடுவது நல்லதாம். முன்பு காட்டிய இடத்தில் இதை நாங்கள் கேட்டபோது “பிறகு பார்ப்போம்” என்றுதான் சொன்னார்கள். லெனலிடொமைட் தொடங்குகிறவர்கள், செல் எப்போது எடுப்பது என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள், பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.

மார்ச் 14, வெள்ளவத்தை, கொழும்பு

இடையில் மருந்தை நிறுத்தி உடம்பைத் தேறவிட்டு, ஃபில்கிராஸ்டிமை மறுபடி தொடங்கினோம். இன்று இரவு 10 மணிக்கு பிளெரிக்ஸாஃபோர் என்ற இன்னொரு ஊசி, நாளை காலை 9 மணிக்கு மெஷின். இந்த இடைவெளி முக்கியம், ஊசி போட்டு ஏறக்குறைய 11 மணித்தியாலத்தில் எடுக்கத் தொடங்க வேண்டும். ஸ்டெம் செல்கள் மஜ்ஜைக்குள் ஒரு கொளுக்கியில் மாட்டியிருப்பதுபோல இருக்கின்றன, இந்த மருந்து அதைக் கழற்றிவிடுகிறது. முதலில் எச்.ஐ.வி.க்காக உருவாக்கப்பட்டதாம், 2008இல் அமெரிக்காவில் இந்த வேலைக்கு அனுமதி கிடைத்தது. விலை பயங்கரம். தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது, எல்லாருக்கும் அப்படி ஒரு தம்பி இருக்கமாட்டான் என்பதும் மனதைக் குத்துகிறது.

மார்ச் 15

எண்ணிக்கை 17! கழுத்தில் தடித்த குழாய் போட்டு, மத்தியானம் தாண்டும்வரை மெஷின் ஓடியது. இரத்தம் வெளியே போய், தேவையான செல்களை மட்டும் மெஷினில் விட்டுவிட்டு மிச்சம் உள்ளே திரும்பி வருகிறது. பாதியில் உதடும் விரல் நுனியும் விறைக்கிறது என்றார். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கிற சிட்ரேட் கல்சியத்தைக் குறைத்துவிடும், உடனே தாதி மிஸ்ஸிடம் சொன்னதால் கல்சியம் ஏற்றினார்கள், சரியானது. இப்படி வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

கிடைத்தது கிலோ எடைக்கு 15 இலட்சம். குறைந்தது 20 இலட்சம் வேண்டும். இவர் 60 கிலோ, அப்படியென்றால் மொத்தம் 12 கோடி செல். இரவு மறுபடி பிளெரிக்ஸாஃபோர். வயிற்றோட்டம், தூக்கமில்லை.

மார்ச் 16

இன்று 11 இலட்சம். மொத்தம் 26! இவர் கணக்கை இரண்டு தரம் என்னைக்கொண்டு கூட்டுவித்தார். ஒரு மாற்றுக்குப் போதும், இரண்டாவதுக்கு எடுத்து வைக்க இல்லை, அதையும் டொக்டர் மறைக்காமல் சொன்னார். இரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் இறங்கியிருப்பதால் குழாய் எடுத்த இடத்தை இரவு பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நாளை திருகோணமலைக்குப் போகிறோம், வார்டில் கட்டில் கிடைத்ததும் அழைப்பார்கள்.