பாலைவனத்துக் கருப்பு வண்டுகள்: துபாய்–அல் ஐன் மணலில் பூச்சி பார்த்த குறிப்புகள்

அமீரகத்தில் பூச்சி பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்குவது புற ஊதா விளக்கும் வெள்ளைத் துணியும்தான். ஊரில் விளக்குப்பொறி வைத்து அந்துப்பூச்சி பார்த்த பழக்கம் அது. துபாய்க்கும் அல் ஐனுக்கும் இடைப்பட்ட மணல்மேடுகளில் அதை மட்டும் நம்பினால் முக்கியமான கூட்டமே கண்ணில் படாது. இந்த மணலின் பெருங்குடிகள் டெனிப்ரியோனிடே குடும்பத்துக் கருப்பு வண்டுகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பறக்க முடியாது. முன்சிறகுகள் இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு ஒரே ஓடாகிவிட்டன. அந்த ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள காற்றறை, மூச்சோடு வெளியேறும் ஈரத்தை மிச்சம் பிடிக்கிறது. பறக்காத வண்டு விளக்கைத் தேடி வந்து துணியில் உட்காராது, நாம்தான் நடக்க வேண்டும். இந்தப் பருவத்தில் விளக்கு நேரத்தைக் குறைத்து நடையைக் கூட்டியதில் கிடைத்தவை கீழே.

விளக்கு

இப்போது பயன்படுத்தும் அமைப்பு: 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் வெள்ளைப் பருத்தித் துணி, முக்கால் இஞ்ச் பிவிசி குழாயில் சட்டம், 12 வோல்ட் 10 வாட் புற ஊதா எல்இடி பட்டை, 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கணக்குப்படி 84 வாட்-மணி, எட்டு மணி நேரம் எரிய வேண்டும். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. பவர் பேங்கில் யுஎஸ்பி பட்டை மாட்டுபவர்கள் வீட்டிலேயே அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்க்கவும். இழுக்கும் மின்சாரம் ரொம்பக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

கூடாரம் அடிக்கும் ஆணி தளர்ந்த மணலில் நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்று நுனியை அதில் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. சட்டத்துக்கு நான்கு பை போதும். துணியின் அடிப்பகுதியில் அரை மீட்டரைத் தரையில் படரவிட்டு ஓரத்தில் மணல் போட வேண்டும், நடந்து வரும் சிலவற்றையாவது அதில் பார்க்கலாம்.

பட்டையை 1.2 மீட்டர் உயரத்தில் தொங்கவிடவும். தரையில் வைத்து மேல்நோக்கி எரியவிடக் கூடாது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பியே பறக்கிறது என்பதை 2024-இல் வெளியான அதிவேகக் கேமரா ஆய்வு காட்டியது. வெளிச்சம் கீழிருந்து வந்தால் பூச்சி கவிழ்ந்து தலைகீழாக விழும். மணலில் விழுந்து புரண்ட அந்துப்பூச்சியின் செதில்கள் போய்விடும், அதன் பிறகு அடையாளம் காண அதில் ஒன்றும் மிஞ்சாது.

அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லவை. காற்று வலுத்துத் துணி படபடக்க ஆரம்பித்தால் சுருட்டிவிடலாம். குளிர்காலத்தில் உள்நாட்டு மணலில் பின்னிரவில் பனி கொட்டும். துணி நனைந்ததும் சின்ன அந்துகள் சிறகோடு அப்பிக்கொள்ளும், எடுக்கப் போனால் கிழியும். பனி தொடங்கியதும் விளக்கை அணைத்துத் துணியை உதறிவிடுவதுதான் நியாயம்.

துணிக்கு வருபவை: ஹைலெஸ் லிவோர்னிகா என்ற வரிப்பருந்து அந்து, குழிநரியின் சிறகு முளைத்த பருவம், சில கும்பிடுபூச்சிகள். பேரீச்சந் தோட்டத்துக்குப் பக்கத்தில் விளக்கு வைத்தால் பிள்ளைப்பூச்சியும் நீர்வண்டும் வந்து குவியும். அவை பாசனத் தண்ணீரை நம்பி வாழ்பவை, பாலைவனக் கணக்கில் சேராது. தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போங்கள்.

நடை

சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் டெனிப்ரியோனிடே குடும்பத்துப் பிமேலியா வண்டுகள் வெளியே வரத் தொடங்கும். முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் நல்ல நடமாட்டம். தலையில் மாட்டும் டார்ச்சை மட்டும் நம்பாமல், கையில் இன்னொரு டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்வாக அடிக்க வேண்டும். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் மணல் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு காலடிக் குழிக்கும் நிழல் விழுந்து, வண்டு போன பாதையே தெரியும்.

365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று கூடவே இருக்கட்டும். பூச்சிக்காக இல்லை, உட்காரும் முன் தேள் பார்க்க. தேள் பச்சையாக ஒளிரும். 395 நானோமீட்டர் டார்ச் மலிவு, ஆனால் அதன் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். காலை மூடும் ஷூ கட்டாயம். புதரடி மணலைக் கையால் கிளறவே கூடாது. கொம்பு விரியன் கண் மட்டும் வெளியே தெரியப் புதைந்து கிடக்கும் இடம் அது. நீளக் கரண்டி எடுத்துப் போங்கள்.

விடியற்காலை நடைக்குத் தனி மதிப்பு உண்டு. சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு, இரவு முழுக்க நடந்தவற்றின் தடம் அழியாமல் இருக்கும். வண்டு ஒரு பக்கம் முன்காலும் பின்காலும், மறுபக்கம் நடுக்காலுமாக மூன்று கால்களைச் சேர்த்து எடுத்து வைக்கும். அதனால் புள்ளிகள் மும்மூன்றாக, மாறி மாறிச் சாய்ந்து விழும். நெடுங்கால் வண்டில் இரண்டு வரிசைக்கும் நடுவே அகன்ற இடைவெளி இருக்கும். வயிறு தரையில் உரசும் வண்டில் நடுக்கோடு விழும். தடம் திடீரென்று முடிந்து மணல் லேசாகக் குமிழ்ந்திருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார்.

மணலில் கப் புதைக்கும் குழிப்பொறியை வைக்கவில்லை. காற்று அடித்தால் கப் மூடிவிடும், எடுக்க மறந்தால் வெயிலேறிய மணலில் உள்ளே இருப்பவை அத்தனையும் வெந்துவிடும். பல்லிகளும் விழும். அல் மர்மூம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பிடித்து எடுத்துப் போகும் வேலையே வேண்டாம், படம் போதும்.

கருப்பு வண்டைப் பிரித்தறிவது

நிறம் இங்கே உதவாது. முதலில் பாதக் கணுக்களை எண்ணுங்கள். டெனிப்ரியோனிடே என்றால் முன்கால், நடுக்கால் பாதங்களில் ஐந்தைந்து கணு, பின்கால் பாதத்தில் நான்கு. எல்லாக் காலிலும் ஐந்து என்றால் அது வேறு குடும்பம். எண்ணுவதற்கு எளிய வழி: தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் வண்டை விட்டு, மேலே பஞ்சை மெல்ல அழுத்தி அசையாமல் பிடித்து, அடிப்பக்கமிருந்து படம் எடுப்பது. பாதம் பிளாஸ்டிக்கில் பதிந்து கணுக்கள் விரிந்து தெரியும். அரை நிமிடத்தில் விட்டுவிடலாம்.

அடுத்தது உடல்வாகு. பிமேலியா உருண்டு திரண்ட வயிறு, தடித்த கால்கள், மேலெல்லாம் தூசு. அடெஸ்மியா கான்செல்லாட்டா குளிர்காலப் பகலில் ஓடும், கால்கள் உடலுக்குப் பொருந்தாத நீளம், ஓட்டில் வலை பின்னியது போன்ற மேடுபள்ளம். எரோடியஸ் சின்னது, கவிழ்த்த கிண்ணம் மாதிரி. டிராக்கிடெர்மா நீண்ட உடல். மெசோஸ்டெனா இன்னும் ஒல்லி. பிரியோனோதீக்கா கொரொனாட்டாவை யாரும் தவறவிட முடியாது: ஓட்டின் விளிம்பைச் சுற்றி முட்கள் வரிசையாக நிற்கும், இரவில் மட்டும் வரும்.

இவற்றோடு குழம்பக்கூடிய முக்கியமான ஆள் ஆந்தியா டுவோடெசிம்குட்டாட்டா. காரபிடே குடும்பம், வேட்டைக்காரர், எல்லாக் காலிலும் ஐந்து கணு. முன்னோக்கி நீண்ட தாடையும் கருப்பு உடலில் வெள்ளைப் பொட்டுகளும் அடையாளம். அந்தப் பொட்டுகள் வெள்ளை மயிர்த்திட்டுகள் என்பதால் வயதான வண்டில் தேய்ந்திருக்கலாம், பொட்டை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள். தொந்தரவு செய்தால் பின்புறத்திலிருந்து ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும். மேக்ரோ எடுப்பவரின் முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளவும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

செடியைப் பார்த்தும் கொஞ்சம் ஊகிக்கலாம். இங்கே காஃப் என்று சொல்லும் தேசிய மரம் நம் வன்னி மரமேதான். எருக்கும் நிறைய உண்டு. அதில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவையும் எருக்கு வெட்டுக்கிளியையும் தேடலாம். வசந்தத்தில் சிறு புதர்களின் நுனியில் பொன்வண்டின் உறவான ஜூலோடிஸ் உட்கார்ந்திருக்கும், காலைக் குளிரில் நகரவே நகராது.

படமும் பதிவும்

ஒரு வண்டுக்குக் குறைந்தது நான்கு படம்: நேர் மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக, பாதம். பளபளக்கும் கருப்பு ஓட்டில் ஃப்ளாஷ் வெள்ளைத் திட்டாக விழுந்து மேடுபள்ளத்தை மறைத்துவிடும். ட்ரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பாக வைத்த டிஃப்யூசர், எஃப் 8 முதல் 11, ஷட்டர் 1/160, எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தால் ஓட்டின் புள்ளிகள் தெளியும். மார்புத் தகட்டில் ஒட்டிய மணலை மெல்லிய ஓவியத் தூரிகையால் தட்டிவிடலாம். அளவுக்கு ஒரு திர்ஹம் நாணயம் பக்கத்தில் வைத்தால் போதும், குறுக்களவு 24 மில்லிமீட்டர். லென்ஸை மணலில் மாற்ற வேண்டாம், காருக்குள்ளும் வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டு வந்த கேமராவில் இந்திய நேரமே இருக்கும், ஒன்றரை மணி நேரம் முந்தும். இரவு பத்தே முக்காலுக்கு எடுத்த படம் மறுநாள் தேதியில் பதிவாகும். இரவு வண்டா பகல் வண்டா என்பதே அடையாளத்தில் பாதி என்பதால் இது சின்ன விஷயமில்லை.

உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றும்போது செயலி பரிந்துரைக்கும் முதல் பெயரை அப்படியே ஏற்க வேண்டாம். நிறையப் படம் ஏறியுள்ள வேறு நாட்டு இனத்தின் பெயரையும் அது எடுத்துக் கொடுக்கும். பிமேலியா என்று பேரினத்தோடு நிறுத்திய பதிவு, தவறான சிற்றினப் பெயரைவிடப் பயன்படும். குறிப்புப் பகுதியில் மூன்றை மட்டும் தவறாமல் எழுதுகிறோம்: நேரம், பக்கத்திலிருந்த செடி, மணலின் வகை. கடலோர வெளிர்மணல், உள்நாட்டுச் செம்மணல், மலையடிச் சரளை மூன்றிலும் கூட்டம் வேறு வேறு.

சரளைதான் அடுத்த வேலை. ஷார்ஜாவைச் சேர்ந்த மிலீஹாவில் செம்மணலும் சரளையும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே தேட வேண்டியது எரெமியாஃபிலா, தரையில் ஓடும் குட்டைச் சிறகுக் கும்பிடுபூச்சி. கல்லின் நிறத்திலேயே இருக்கும், ஓடினால்தான் தெரியும். எனவே பத்தடி நடந்து, ஒரு நிமிடம் அசையாமல் நின்று, மறுபடி பத்தடி. தடம் விழாத தரை அது, டார்ச்சுக்கு அங்கே வேலையில்லை. காலை எட்டு மணி வெயிலே போதும்.